எந்தத் தெரு என்று கேட்கும் கம்பி

(முக்கூடலில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய வாசிப்புக் கூட்டமொன்றில் பேசியது. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



கவிதை பற்றிப் பேசுவான் என்று நினைத்து வந்திருப்பீர்கள். நான் இன்றைக்குப் பேசப்போவது சர்வர் பற்றி. இணையத்தில் அரசு ஒரு பக்கத்தை மூடினால், மூடிய கதவுக்கு வெளியே நிற்கிறவன் உள்ளே இருப்பதை எப்படிப் படிப்பது, உள்ளே மாட்டிக்கொண்டவன் வெளியே எப்படிச் சேதி சொல்வது என்பது பற்றி. இது கம்ப்யூட்டர் படித்தவங்க சமாச்சாரம், நமக்கு எதுக்கு என்று கேட்கக்கூடாது. 2018 மே 22-ல் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட்டை எதிர்த்து ஊர்வலம் போன மக்கள்மேல் போலீஸ் சுட்டது. 13 பேர் செத்தார்கள். மறுநாள் தமிழக அரசின் உள்துறை உத்தரவு போட்டது: தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் மே 27 வரை இணையம் கிடையாது. முக்கூடலும் அந்த உத்தரவுக்குள்தான் இருந்தது. சொன்ன காரணம், சமூக வலைத்தளங்களில் வதந்தி பரவுகிறது என்பது. சுட்டது வதந்தி இல்லை. பிணவறையில் கிடந்ததும் வதந்தி இல்லை. ஆனால் சுட்டதை யார், எந்த வார்த்தையில், யாருக்கு முதலில் சொல்வது என்கிற உரிமை ஐந்து நாளைக்கு ஒரே கைக்குப் போக வேண்டும் என்று அரசு விரும்பியது. நெல்லையிலும் குமரியிலும் ஏன் மூடினீர்கள் என்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை கேட்ட பிறகுதான் இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் தளர்த்தினார்கள்.

ஆகவே இது நம் ஊர்ப் பிரச்சினை.

கொஞ்சம் பின்னால் போவோம். நமக்குப் பேச வாய் இல்லாமல் இருந்ததில்லை. வாயிலிருந்து புறப்பட்டது போய்ச் சேர வழி இல்லாமல்தான் இருந்தது. 1893-ல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' நடத்தினார். 1907-ல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். 1920 ஜனவரியில் அம்பேத்கர் 'மூக்நாயக்' கொண்டுவந்தபோது, காசு கொடுத்து விளம்பரம் போடக் கேட்டும் திலகரின் 'கேசரி' மறுத்துவிட்டது. அங்கே சட்டமும் இல்லை, தணிக்கை அதிகாரியும் இல்லை. அச்சாபீஸ் யார் கையில், தபால் யார் கையில், விளம்பரப் பக்கம் யார் கையில் என்பதே தணிக்கையாக வேலை செய்தது. இன்றைக்கு அந்த அச்சாபீஸ் வேலையையும் தபால் வேலையையும் சேர்த்துச் செய்வது இணையக் கம்பெனிகளும் தொலைத்தொடர்புக் கம்பெனிகளும். கை மாறியிருக்கிறது. கையின் குணம் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் போனில் ஒரு தளத்தின் பெயரைத் தட்டுகிறீர்கள். அது நேராக அந்தத் தளத்துக்குப் போவதில்லை. உங்கள் சிம் கம்பெனியின் வாசல் வழியாகத்தான் போகணும். அந்த வாசலில் மூன்று இடத்தில் மறிக்கலாம். ஒன்று, பெயரைச் சொல்லி எண் கேட்கும் இடம். டிஎன்எஸ் என்று சொல்கிறார்களே, அது. தளத்தின் பெயரைச் சொன்னால் அது இருக்கும் எண்ணைத் தரும். அங்கே பொய் எண் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. இரண்டு, அந்த எண்ணையே, அதாவது ஐபி முகவரியையே அடைப்பது. மூன்றாவதுதான் விஷயமுள்ளது. இப்போது பெரும்பாலான தளங்கள் பூட்டுப் போட்டுத்தான் பேசுகின்றன. நீங்கள் என்ன படிக்கிறீர்கள் என்று வழியில் நிற்கிறவனுக்குத் தெரியாது. ஆனால் பூட்டு விழுவதற்கு முன்னால் ஒரு முதல் வணக்கம் உண்டு. அந்த வணக்கத்தில், நான் இன்ன தளத்துக்குப் போகிறேன் என்று பெயர் மட்டும் வெட்டவெளியில் போகிறது. அந்தப் பெயரைப் படித்து இணைப்பைத் துண்டித்துவிடலாம். ஜியோ இப்படித்தான் தடுக்கிறது என்பதை பெங்களூரின் இணையம் மற்றும் சமூக ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள் 2019-ல் சோதித்துக் காட்டினார்கள்.

இது நமக்குப் புதுசா? டீக்கடையில் புது ஆளாக உட்கார்ந்து பாருங்கள். "தம்பிக்கு எந்த ஊரு?" சொல்வீர்கள். "அங்ஙன எந்தத் தெரு?" அதையும் சொல்வீர்கள். "யாரு மவன்?" இதற்குள் அவருக்கு வேண்டியது கிடைத்துவிடும். நீங்கள் என்ன படித்தீர்கள், என்ன பேச வந்தீர்கள் என்பது அவருக்கு வேண்டாம். தெருப் பெயர் போதும், டம்ளர் மாறிவிடும். தணிக்கைப் பெட்டியும் அதே கேள்வியைத்தான் கேட்கிறது. உள்ளடக்கம் வேண்டாம், முகவரி சொல்.

அந்த முகவரிப் பட்டியலை யார் எழுதுகிறார்கள்? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு, 2009-ன் விதிகள். அந்த விதிகளில் பதினாறாவது விதி எல்லாவற்றையும் இரகசியமாக வைக்கச் சொல்கிறது. யார் புகார் கொடுத்தார், என்ன நடவடிக்கை, எதுவும் வெளியே வராது. 2015 மார்ச்சில் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 66ஏ பிரிவை ரத்து செய்ததைக் கொண்டாடினோம். அதே தீர்ப்பு 69ஏ-யைச் செல்லும் என்று சொன்னதை நாம் சரியாகக் கவனிக்கவில்லை. 2025 பிப்ரவரியில் அது தமிழ் வாசகர் வீட்டுக்கே வந்தது. அமெரிக்காவிலிருந்து இந்தியர்களை விலங்கு மாட்டி அனுப்பியதை வைத்து, டிரம்ப் பக்கத்தில் மோடி விலங்கோடு உட்கார்ந்திருப்பதாக விகடன் ஒரு கார்ட்டூன் போட்டது. பிப்ரவரி 15 முதல் விகடன் இணையதளமே பலருக்குத் திறக்கவில்லை. ஒரு படத்துக்காக ஒரு முழு நூலகத்தைப் பூட்டினார்கள். மார்ச் 6-ல் சென்னை உயர்நீதிமன்றம், அந்தப் படத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டால் தளத்தைத் திறந்துவிடு என்றது. விகடனுக்கு வக்கீல் இருந்தார், பெயர் இருந்தது. நூறு பிரதி அச்சிடும் நம் பத்திரிகையின் பக்கத்தைப் பூட்டினால் யார் கேட்பது?

அப்படிப் பூட்டியபோதும் விகடனைப் படித்தவர்கள் உண்டு. எப்படி? இங்கேதான் பிராக்ஸி வருகிறது.

பிராக்ஸி என்ற சொல் மாணவர்களுக்கு நல்லாவே தெரியும். வகுப்புக்கு வராதவனுக்காக இன்னொருத்தன் "உள்ளேன் ஐயா" சொல்வது. சர்வர் விஷயத்திலும் அதுதான். உங்களுக்குப் பதிலாக வேறு நாட்டில் இருக்கும் ஒரு சர்வர் போய் அந்தப் பக்கத்தை வாங்கி உங்களிடம் தருகிறது. உங்கள் சிம் கம்பெனியின் வாசலில் இருப்பவன் பார்ப்பது நீங்கள் அந்த சர்வரோடு பேசுவதை மட்டும்தான். பாரதி 1908-ல் 'இந்தியா' பத்திரிகையைப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனதும் இந்தக் கணக்கில்தான். பிரெஞ்சு எல்லைக்குள் அச்சு, பிரிட்டிஷ் எல்லைக்குள் வாசகர். பிரிட்டிஷ்காரன் என்ன செய்தான்? புதுச்சேரிக்குள் போய் அச்சு எந்திரத்தை உடைக்கவில்லை. பத்திரிகை தன் எல்லைக்குள் நுழையத் தடை போட்டான். 1910-ல் பத்திரிகை நின்றது. அனுப்புகிறவனின் முகவரி தெரிந்துவிட்டால் பதிலாளையும் மறிக்கலாம் என்பதுதான் பாடம்.

இன்றைக்கும் அதே கதை. விபிஎன் போட்டால் சரக்கு மூடின வண்டியில் போகும். உள்ளே என்ன என்று தெரியாது. ஆனால் இது விபிஎன் வண்டி என்று தூரத்திலிருந்தே தெரியும். ஒயர்கார்ட் என்றொரு விபிஎன் முறை உண்டு. அதில் முதல் செய்தி எப்போதும் 148 பைட் நீளம். ஓபன்விபிஎன் முறைக்கும் இப்படி அடையாளங்கள் உண்டு. பெட்டியை உடைக்காமலே அளவை வைத்து, வரிசையை வைத்து அடையாளம் கண்டு மறிக்கிறார்கள். ஆகவே அடுத்த அடி, வண்டியையே வேறு வண்டி மாதிரி ஆக்குவது. இதைத்தான் போக்குவரத்தை உருமாற்றுதல் என்கிறோம்.

இதில் இரண்டு பள்ளிகள் உண்டு. ஒன்று, எந்தச் சாடையும் இல்லாமல் வெறும் குப்பை எழுத்தாகத் தெரியச் செய்வது. டோர் அமைப்பின் ஒபிஎஃப்எஸ்4, சீனத்தில் 2012-ல் பிறந்த ஷேடோசாக்ஸ் இவையெல்லாம் இந்த வகை. 2015-ல் ஷேடோசாக்ஸ் எழுதிய இளைஞரைப் போலீஸ் கூப்பிட்டு நிறுத்தச் சொன்னது. அவர் நிரலை எடுத்துவிட்டார். மற்றவர்கள் தொடர்ந்தார்கள். பிறகு சீன அரசு என்ன கண்டுபிடித்தது தெரியுமா? சாதாரண ஆட்கள் எல்லாருக்கும் ஏதோ ஒரு சாடை இருக்கும். எந்தச் சாடையுமே இல்லாதவன்தான் சந்தேகத்துக்குரியவன். 2021 கடைசியிலிருந்து அப்படிச் சாடையில்லாத இணைப்புகளையே வெட்டத் தொடங்கியது. டீக்கடையில் ஊரே சொல்லாமல் இருந்து பாருங்கள். அதுவே பதில் ஆகிவிடும்.

இரண்டாவது பள்ளி, எல்லாரையும்போலத் தெரிவது. இணையத்தில் எல்லாரையும்போல என்றால் பூட்டுப் போட்ட சாதாரணத் தளம். டிரோஜன், விலெஸ் போன்ற முறைகள் இப்படி. வெளிநாட்டில் சின்னதாக ஒரு சர்வர் வாடகைக்கு எடுக்கிறார்கள். அதற்கு ஒரு பெயர், இலவசமாகக் கிடைக்கும் சான்றிதழ், முன்வாசலில் உண்மையான ஒரு தளம். சமையல் குறிப்போ, ரயில் நேரமோ வைக்கலாம். திறவுகோல் உள்ளவன் வந்தால் பின்கதவு திறக்கும். திறவுகோல் இல்லாதவன் வந்தால் சமையல் குறிப்புத்தான் கிடைக்கும். இது ஏன் வேண்டும் என்றால், தணிக்கைக்காரன் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. சந்தேகப்பட்ட முகவரியைத் தானே போய்த் தட்டிப் பார்க்கிறான். மப்டியில் வருகிற ஏட்டய்யா மாதிரி. அவருக்கு ஒரு சாம்பார் செய்முறை கொடுத்து அனுப்பணும்.

நான் வங்கியில் வேலை பார்ப்பவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். எந்த வங்கியின் கிளைக்கும் தலைமையகத்துக்கும் நடுவில் நாள் பூராவும் ஓடுவதும் இதே பூட்டுப் போட்ட குழாய்தான். நீங்கள் போனில் பணம் அனுப்புவதும் அதே பூட்டில்தான். உருமாற்றிய நம் சேதி அந்தக் கூட்டத்துக்குள் கலந்து போகிறது. முழுக்க அடைக்க வேண்டுமானால் வணிகத்தையும் சேர்த்து அடைக்கணும். அரசுக்கு நம் சொல் முக்கியமில்லை, ஆனால் பணம் முக்கியம். பணம் போகிற பல்லக்கில் நம் துண்டறிக்கை தொங்கிக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். பல்லக்குக்காரர்களை நம்பியிருக்கவும் முடியாது. பெரிய கம்பெனியின் பெயரை முன்னால் காட்டிப் பின்னால் வேறு இடம் போகும் உத்தியொன்று இருந்தது. 2018-ல் கூகுளும் அமேசானும் தங்கள் வாசலில் அதை மூடிவிட்டன.

சர்வர் வாடகைக்கு எடுக்க வசதியில்லாதவர்களுக்கு ஸ்னோஃபிளேக் இருக்கிறது. தணிக்கை இல்லாத ஊரில் இருப்பவர் தன் பிரவுசரில் ஒரு துணைநிரல் போட்டுவிட்டால் போதும். அவர் கணினியே கொஞ்ச நேரத்துக்குப் பதிலாள் ஆகும். பார்க்கிறவனுக்கு வீடியோ பேச்சு மாதிரித் தெரியும். 2022 செப்டம்பரில் ஈரானில் மாசா அமினி போலீஸ் காவலில் இறந்தபின் எழுந்த போராட்டத்தில் இதைப் பெருவாரியாகப் பயன்படுத்தினார்கள். வளைகுடாவிலோ வேறு நாட்டிலோ அண்ணன், அக்கா இருக்கிறவர்கள் இங்கே உண்டு. அந்த நாட்டுச் சட்டத்தையும் பார்த்துக்கொண்டுதான் கேட்கணும். வளைகுடா நாடுகள் சிலவற்றில் விபிஎன் பற்றியே கடுமையான சட்டம் இருக்கிறது.

இனி இதன் எல்லைகள். தொழில்நுட்பம் நம்மை விடுதலை செய்துவிடும் என்று சொல்லும் ஆள் நான் இல்லை.

முதல் எல்லை: பெயரைப் பார்த்து மறித்தால்தான் உருமாற்றம் உதவும். ரோட்டையே வெட்டினால் எந்த வண்டியும் ஓடாது. 2018-ல் நம் மூன்று மாவட்டத்தில் நடந்தது ரோட்டை வெட்டுவது. அதே ஆண்டு ஏப்ரல் 2-ல், வன்கொடுமைச் சட்டத்தை நீர்த்துப்போகச் செய்த தீர்ப்பை எதிர்த்து தலித்துகள் நாடு தழுவிய பந்த் நடத்தியபோது, வட மாநிலங்களின் பல இடங்களில் இணையத்தை வெட்டினார்கள். 2017 மே மாதம் சகாரன்பூரிலும் வெட்டினார்கள். மணிப்பூரில் 2023 மே 3 முதல் வெட்டினார்கள். மே 4-ல் இரண்டு குக்கிப் பெண்களை நிர்வாணமாக ஊர்வலம் விட்ட காணொளி ஜூலை 19-ல்தான் நாட்டுக்குத் தெரிந்தது. இரண்டரை மாதம்! வதந்தியைத் தடுக்கிறோம் என்று சொன்ன அதே வெட்டு, உண்மையை இரண்டரை மாதம் அடைகாத்தது.

காஷ்மீரில் இரண்டையும் பார்க்கலாம். 2019 ஆகஸ்டில் முழு வெட்டு. 2020 ஜனவரியில் 2ஜி வேகத்தில், அரசு பட்டியலிட்ட தளங்கள் மட்டும். ஜனவரி 25-ன் பட்டியலில் 301 தளங்கள். அதாவது எதை மூடுவது என்ற பட்டியல் போய், எதைத் திறப்பது என்ற பட்டியல் வந்தது. ஊர்க் கிணறு எல்லாம் மூடி, இன்னின்ன கிணற்றில் மட்டும் இறைத்துக்கொள் என்பது போல. மக்கள் விபிஎன் போட்டுத் தாண்டினார்கள். பிப்ரவரியில் விபிஎன் வழியாகச் சமூக வலைத்தளம் போனவர்கள்மேல் ஊபா சட்டத்தில் முதல் தகவல் அறிக்கை போட்டார்கள். உச்ச நீதிமன்றம் ஐந்து வருஷம் முன்னால் ரத்து செய்த 66ஏ-யையும் அதில் சேர்த்திருந்தார்கள். 4ஜி திரும்ப வந்தது 2021 பிப்ரவரியில்.

இரண்டாவது எல்லை: வழியைக் காப்பது வேறு, கருவியைக் காப்பது வேறு. பீமா கொரேகான் வழக்கில் ரோனா வில்சனின் கணினிக்குள் வெளியாள் ஒருவர் நுழைந்து கோப்புகளை வைத்திருந்தார் என்று அமெரிக்காவின் ஆர்சனல் நிறுவனம் 2021-ல் அறிக்கை கொடுத்தது. வழியில் எத்தனை பூட்டுப் போட்டாலும் வீட்டுக்குள்ளேயே திருடன் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது? வந்த இணைப்பையெல்லாம் திறக்காதீர்கள்.

மூன்றாவது எல்லை: பதிலாள் யார் என்பது. பதிலாளுக்கு நீங்கள் யார் என்றும் தெரியும், எங்கே போகிறீர்கள் என்றும் தெரியும். இலவச விபிஎன் நடத்துகிறவன் தர்மத்துக்கா நடத்துகிறான்? உங்கள் தடத்தை விற்கலாம். 2022 ஏப்ரலில் செர்ட்-இன் உத்தரவு போட்டது: விபிஎன் நடத்துகிறவர்கள் வாடிக்கையாளர் பெயர், முகவரி, ஐபி எல்லாம் ஐந்து ஆண்டு வைத்திருக்கணும். பல கம்பெனிகள் இந்தியாவிலிருந்த சர்வரையே எடுத்துவிட்டன. சொந்தமாக சர்வர் எடுத்தாலும் வாடகை கட்டிய கார்டு உங்கள் பெயரில் இருக்கும். வங்கியில் பணத்துக்கு மறதி கிடையாது. டோர் இதற்காகத்தான் மூன்று கை மாற்றுகிறது. முதல் கைக்கு உங்களைத் தெரியும், கடைசிக் கைக்குப் போகிற இடம் தெரியும், ஒரே கைக்கு இரண்டும் தெரியாது. மெதுவாகத்தான் இருக்கும். பரவாயில்லை.

இந்த மூன்றாவது எல்லைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முக்கூடல் என்றதும் தமிழாசிரியர்கள் முக்கூடற்பள்ளைச் சொல்வார்கள். அது நம் முக்கூடல் இல்லை, சீவலப்பேரிப் பக்கம் ஆறுகள் கூடுகிற இடம். ஆனாலும் நமக்கு அதில் ஒரு கணக்கு இருக்கிறது. அந்த நூல் பூராவும் பள்ளனும் இரண்டு பள்ளிகளும் பேசுகிறார்கள். மூத்தவள் பண்ணைக்காரனிடம் முறையிடுகிறாள், பள்ளன் தொழுவில் மாட்டப்படுகிறான். பேச்சு பெரும்பாலும் உழுகிறவர்கள் வாயில். எழுதின கை உழுத கை இல்லை. நமக்காக இன்னொருத்தர் "உள்ளேன் ஐயா" சொன்ன இலக்கியம் அது. 1931-ல் வட்டமேசை மாநாட்டில் தீண்டப்படாதோருக்கும் தானே பிரதிநிதி என்று காந்தி சொன்னதும், அம்பேத்கர் அதை மறுத்ததும் இதே தகராறுதான். பதிலாளில் இரண்டு வகை உண்டு. கடிதத்தைப் பிரித்து, திருத்தி, தன் பெயரில் படிக்கிறவன் ஒருவன். உறையைத் தொடாமல் கொண்டுபோய்ச் சேர்க்கிறவன் மற்றவன். நூறு வருஷமாக முதல் வகையை எதிர்த்தவர்கள், சர்வர் விஷயத்தில் மட்டும் எவன் கிடைத்தாலும் சரி என்று போகலாமா?

இங்கே இரண்டு கேள்வி வரும். நானே கேட்டுவிடுகிறேன். "பெயரைச் சொல்லு, சாதியை மறைக்காதே என்று தலித் அரசியல் சொல்லிக்கொடுத்திருக்கிறது. நீ உருமாறச் சொல்கிறாயே?" நியாயமான கேள்வி. என் பதில்: வாசகனிடம் பெயரை மறைக்கச் சொல்லவில்லை. கவிதையின் அடியில் என் பெயர் இருக்கும், என் தெரு இருக்கும். வாசலில் நின்று தெருப் பெயர் கேட்டுத் திருப்பி அனுப்புகிறவனுக்குத்தான் பதில் சொல்ல மறுக்கிறேன். கேட்க அவனுக்கு உரிமை இல்லை.

இரண்டாவது கேள்வி இன்னும் கஷ்டமானது. "இதே திரை சாதிவெறியனுக்கும் கிடைக்குமே?" கிடைக்கும். 2015-ல் கோகுல்ராஜ் கொலையில் தேடப்பட்டபோது யுவராஜ் தலைமறைவாக இருந்துகொண்டு வாட்ஸ்அப்பில் பேச்சு அனுப்பிக்கொண்டிருந்தார். 2022-ல்தான் ஆயுள் தண்டனை வந்தது. ஆனால் அந்தத் தண்டனையை வாங்கித் தந்தது சாட்சியமும் வழக்கறிஞர்களும் ஒரு தாயின் பிடிவாதமும். இணையத்தை மூடியது இல்லை. ஆதிக்க சாதிக்கு இணையம் இல்லாவிட்டாலும் ஊர்க்கூட்டம் இருக்கிறது, மண்டபம் இருக்கிறது, போலீஸ் ஸ்டேஷனில் நாற்காலி இருக்கிறது. எல்லாக் கம்பியையும் வெட்டினால் ஊமையாவது சேரிதான். 1999 ஜூலை 23-ல் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தை அடித்து விரட்டியதில் தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். தண்ணீரில் தாங்களாக விழுந்தார்கள் என்ற கதை நிற்காமல் போனது, அன்று பார்த்தவர்கள் பேசியதாலும் பதிவான காட்சிகள் வெளியே வந்ததாலும்தான். ஆர். ஆர். சீனிவாசனின் 'நதியின் மரணம்' ஆவணப்படம் இன்றும் சாட்சியாக இருக்கிறது.

முடிவாக, செய்ய வேண்டியவை. இந்தியா முழுமைக்கும் விபிஎன்னைக் குற்றமாக்கும் சட்டம் கிடையாது. மாவட்ட அளவில் தடை உத்தரவுகள் வருகின்றன. 2025-ல் ஜம்மு-காஷ்மீரில் பல மாவட்டங்களில் வந்தன. அதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சிக்கல் வருமுன்பே டோர் பிரவுசரை இறக்கி வைத்துப் பழகுங்கள். தடை வந்தபின் தேடினால் கிடைக்காது. சர்வர் நடத்த முடிந்தவர்கள் பத்துப் பேருக்குள் வைத்து நடத்துங்கள். திறவுகோலைக் குழுவில் போடாதீர்கள், கையில் கொடுங்கள். முழு வெட்டு வந்தால் எடுத்த படத்துக்கு இரண்டு பிரதி, இரண்டு வீட்டில். ஒரு பிரதி அடுத்த மாவட்டத்துக்குப் பஸ்ஸில் போகட்டும். 2020 ஜனவரியில் அனுராதா பாசின் வழக்கில் இணைய வெட்டு உத்தரவுகளை வெளியிட்டே ஆகணும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வெட்டு வந்த அன்றைக்கே உத்தரவின் நகலைக் கேட்டு கலெக்டர் ஆபீஸ் வாசலில் நில்லுங்கள். அங்கே உருமாற வேண்டாம். பெயர், ஊர், தெரு எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கேளுங்கள்.

ஜெய் பீம்.